இருபது மில்லி எங்கிருந்து?

பம்ப் கம்பெனிக்குக் குட்டி யானையில் ஏற்றி அனுப்பிய நாற்பது கேசிங்கும் நான்காம் நாள் அதே வண்டியில் திரும்பி வந்தன. ஆறின் மேல் மட்டும் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி. மீதி முப்பத்து நாலில் குறி எதுவும் இல்லை, இருந்தாலும் சேர்த்தே ஏற்றிவிட்டிருந்தார்கள். "எது நல்லது எது கெட்டதுன்னு அவரையே பிரிச்சுக்கச் சொல்லுங்க" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்களாம். டிரைவர் அதை என்னிடம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மரியாதைக்காகவே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கேசிங் என்பது மோனோபிளாக் பம்ப்பின் வயிறு. உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் சுழலும், சுற்றிலும் தண்ணீர் ஓடும். கோயமுத்தூரில் கணபதி பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏதோ ஒரு பட்டறை வாசலில் இது கறுப்பாகக் குவிந்து கிடக்கும். அப்பா காலத்திலிருந்து எங்கள் பட்டறையில் இதற்கு லேத் வேலையும் டிரில்லிங்கும் செய்கிறோம். வார்ப்பு வேறு இடத்திலிருந்து வரும். முகத்தை ஃபேஸ் செய்து, அதாவது சீவித் தட்டையாக்கி, நடுத்துளையான போர் எடுத்து, முகத்தில் ஆறு ஓட்டை போட்டு, எட்டு மில்லி போல்ட்டுக்கான எம்8 டேப் அடித்து, அதாவது உள்ளே மரை வெட்டிக் கொடுக்க வேண்டும். ஆறும் பிளைண்ட் ஹோல், அதாவது மறுபக்கம் போகாத ஓட்டை. மறுபக்கம் தண்ணீர் இருக்கிறது.

அந்த ஆறு கேசிங்கும் தண்ணீர் அழுத்த டெஸ்டில் வியர்த்திருக்கின்றன. பீய்ச்சி அடிக்கவில்லை. ஓட்டையின் அடியில் ஒரு துளி தோன்றும், துடைத்தால் போய்விடும், மறுபடி ஒரு துளி. வார்ப்பிரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஊதல், அதாவது காற்றுக் குழி, இருக்கத்தான் செய்யும். சுவர் தடிமனாக இருக்கும் வரை அது வெளியே தெரியாது. மெலிந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றை எடுத்து ஹேக்சா மெஷினில் ஓட்டையின் நடுவாக நெடுக்கே அறுத்தேன். டிராயிங்கில் ஓட்டை ஆழம் 20 மி.மீ., கூடினால் 20.5 வரை போகலாம், குறையவே கூடாது. அறுத்ததில் 22.3 இருந்தது.

முதலில் செய்தது ஓடிப்போய் டிரில்லிங் மெஷினின் ஸ்டாப்பைப் பார்த்ததுதான். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். பிட்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலோடு சேர்ந்து இறங்கும் திரெட் கம்பி, அதில் ஒரு நட், அதை இறுக்கிப் பிடிக்க இன்னொரு லாக் நட். நட் கீழே வந்து மெஷின் உடம்பில் முட்டினால் அதற்கு மேல் ஓட்டை போடும் பிட் இறங்காது. ஸ்டாப் வைத்த அன்று நான் மார்க்கர் பேனாவில் போட்ட கோடு நட்டுக்கும் கம்பிக்கும் குறுக்கே அப்படியே நேராக இருந்தது. நட் மயிரிழை கூட நகரவில்லை. நாற்பது கேசிங்கில் இருநூற்று நாற்பது ஓட்டை, எல்லாவற்றுக்கும் அதே நட். அப்படியானால் எல்லா ஓட்டையும் ஒரே ஆழம்தானே இருக்க வேண்டும்?

எல்லாவற்றையும் அளந்தேன். மிகக் குறைந்தது 19.4, மிக அதிகம் 22.3.

அளந்த கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் சுற்றில் தப்பாக அளந்தேன். வெர்னியரின் பின்பக்கம் நீட்டும் மெல்லிய கம்பியை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தால் 24 சொச்சம் காட்டியது. நெஞ்சு அடைத்துவிட்டது. பிறகுதான் புத்தி வந்தது: டிரில் பிட்டின் நுனி தட்டையாக இருப்பதில்லை, கூம்பு. பிட் விட்டுப்போகும் அடிப்பகுதியும் கூம்புதான். வெர்னியர் கம்பி அந்தக் கூம்பின் குழிக்குள் போய் உட்காருகிறது. டிராயிங் கேட்கிற ஆழம் அதுவல்ல. பிளைண்ட் ஹோலுக்கு ஆழம் என்று எழுதியிருந்தால் அது முழு விட்டம் இருக்கிற இடம் வரைக்கும். கூம்பு கணக்கில் வராது.

கூம்பு எவ்வளவு என்பது எளிய கணக்கு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிட்டின் நுனிக்கோணம் 118 டிகிரி. அதற்குக் கூம்பின் உயரம் விட்டத்தில் பத்தில் மூன்று பங்கு. எம்8-க்கு முன் போடும் ஓட்டை 6.8. ஆக 2.04 மி.மீ. கடினமான உலோகத்துக்கு வரும் 135 டிகிரி பிட் என்றால் பத்தில் இரண்டு பங்கு சொச்சம், 1.4 மி.மீ. பிட்டின் நுனி வேலையைத் தொட்ட இடத்தை ஜீரோவாக வைத்து 20 இறக்கினால் நமக்குக் கிடைப்பது 18 மில்லி ஓட்டைதான். அதற்கு முந்தைய வருடம் இதே தப்பைச் செய்து வரிசையாக டேப் உடைத்த புண்ணியமும் எங்களுக்கு உண்டு. உடைந்த டேப்பை ஓட்டைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறவர்களுக்கு அந்த வலி தெரியும், மற்றவர்களுக்கு விளக்க முடியாது.

20-க்குக் குறையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணமும் அந்த டேப்தான். மரை 16 மி.மீ. வேண்டும். டேப்பின் முனை முதல் மரையிலேயே முழுசாக வெட்டுவதில்லை, சாய்வாகத் தொடங்கும். நாங்கள் போடும் டேப்பில் மூன்று மரை அப்படிச் சாய்வு. எம்8-க்குப் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள தூரம், 1.25, மூன்று மரைக்கு 3.75. பதினாறோடு கூட்டினால் 19.75. இருபதில் கால் மில்லிதான் மிச்சம். 19.4 ஓட்டையில் டேப் அடியில் முட்டி நிற்கும், மெஷின் நிற்காது. ஆக மேலே போனால் தண்ணீர், கீழே போனால் டேப். நடுவில் அரை மில்லி.

சரியாக அளக்க ஒரு வழி கண்டுபிடித்தோம் என்று பெருமையடிக்க ஆசைதான், ஆனால் அது டூல் ரூம், அதாவது கருவிகள் செய்யும் பிரிவு, ஆட்களுக்கு ரொம்பப் பழைய சங்கதி. உடைந்த 6.5 பிட்டின் கழுத்தை வெட்டி முனையைத் தட்டையாக அரைத்துக்கொண்டோம். கூம்புக்குள் இறங்க முடியாத பருமன் என்பதால் அது கூம்பின் விளிம்பிலேயே உட்காரும். விளிம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் கீழே போகும், அந்தச் சொற்ப மில்லியைக் கழித்துவிட்டோம். இந்தப் பின்னை ஒரு புஷ்ஷுக்குள், அதாவது சிறு குழாய்க்குள் நுழைத்து, புஷ்ஷின் மேல் முகத்தில் அரை மில்லி உயர வித்தியாசத்தில் ஒரு படி வெட்டினோம். புஷ்ஷைக் கேசிங் முகத்தில் வைத்துப் பின்னை இறக்கினால், பின்னின் தலை அந்த இரண்டு படிக்கும் நடுவில் நிற்க வேண்டும். விரல் நகத்தால் தடவினால் போதும். கண் ஏமாறும், நகம் ஏமாறாது. காகிதத்தின் தடிமன்கூட நகத்துக்குத் தட்டும்.

இருநூற்று நாற்பது ஓட்டை அளந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன். அவர் பெரிய கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் முப்பது வருடம் ஜிக், ஃபிக்ஸ்சர், அதாவது வேலையைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சட்டங்கள், செய்து ரிட்டையர் ஆனவர். அப்பாவுக்குச் சிநேகிதர். திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். ஸ்டாப் நகரவேயில்லை என்று நான் நாலாவது தடவை சொன்னபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இருபது மில்லி இருபது மில்லிங்கறீங்க. எங்கிருந்துங்க இருபது?"

"கேசிங் முகத்திலிருந்துங்கய்யா."

"அது டிராயிங்கு சொல்றது. உங்க ஸ்டாப்பு எங்கிருந்து அளக்குது?"

பதில் தெரியாமல் இல்லை. தெரிந்த பதில் வாய்க்கு வர அரை நிமிடம் ஆயிற்று.

ஸ்டாப்புக்குக் கேசிங்கைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மெஷினின் மேசை ஒன்றுதான். மேசையிலிருந்து இத்தனை உயரத்தில் பிட்டின் நுனி நிற்கும், அவ்வளவுதான் ஸ்டாப் தருகிற உத்தரவாதம். அதற்கு மேல் வேலையின் முகம் எங்கே இருக்கிறது என்பது வேலையின் உயரத்தைப் பொறுத்தது. கேசிங்கின் முகத்தை நாங்கள் ஃபேஸ் செய்கிறோம். மேசையில் உட்காரும் பின்பக்கம் வார்ப்பாக வந்தபடியே இருக்கும், மணல் ஒட்டிய சொரசொரப்போடு. ஒரு வார்ப்புக்கும் இன்னொன்றுக்கும் ஒன்று, இரண்டு மில்லி வித்தியாசம் சகஜம், வார்ப்புக்காரரைக் குறை சொல்ல முடியாது. உயரமான கேசிங்கில் முகம் மேலே ஏறி நிற்கும். பிட் நிற்கும் இடம் மாறாது. ஓட்டை ஆழமாகிவிடும்.

அன்று மாலையே நாற்பதின் உயரத்தையும் அளந்து ஆழத்துக்குப் பக்கத்தில் எழுதினேன். குள்ளமானது 58.2, உயரமானது 60.4. வியர்த்த ஆறும் உயர வரிசையில் முதல் ஏழுக்குள் இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரு கணக்கு நேராக வந்து உட்கார்ந்தால் வருமே, அந்தச் சந்தோஷம்.

ஆனால் நேராக உட்கார்ந்தது முக்கால்வாசிதான். உயரத்தில் வித்தியாசம் 2.2. ஆழத்தில் வித்தியாசம் 2.9. மீதி 0.7 எங்கிருந்து வந்தது? டிராயிங் கொடுத்திருக்கும் இடமே அரை மில்லிதான்.

முதலில் பெரிய திருடனைப் பிடிப்போம் என்று தொடங்கினோம். என் யோசனை, பிட்டின் மேல் ஒரு குழாய்த் துண்டைச் செருகுவது. பிட்டைக் கடித்துப் பிடிக்கும் சக்கின் வாயிலிருந்து பிட் வெளியே நீட்டும் நீளத்தில் ஆழத்தைக் கழித்து, மீதி நீளத்துக்குக் குழாய் வெட்ட வேண்டும். பிட் இறங்கி இறங்கிக் கடைசியில் குழாய் வேலையின் முகத்தில் முட்டி நின்றுவிடும். மேசையைப் பற்றிக் கவலையே இல்லை, ஆழம் முகத்திலிருந்தே பிறக்கிறது. தத்துவம் தங்கம். நடைமுறையில் குழாயும் பிட்டோடு சுற்றுவதால் ஃபேஸ் செய்த முகத்தில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பளபளவென்று ஒரு வளையம் விழுந்தது. அதன் மேல்தான் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் உட்கார வேண்டும். குழாயின் நுனியில் சின்ன திரஸ்ட் பேரிங் வைத்துப் பார்த்தோம். வளையம் போனது, தூள் வந்தது. வார்ப்பிரும்பு எஃகு மாதிரிச் சுருள் சுருளாக வராது, கறுப்பு மாவாகக் கொட்டும். வெளியேற வழியில்லாமல் குழாய்க்கும் முகத்துக்கும் நடுவில் அந்த மாவு படிந்தது. குழாய் முகத்தில் முட்டுவதற்குப் பதில் மாவில் முட்டியது. நாலு ஓட்டைக்கு ஒரு தடவை ஊதிக்கொண்டிருக்க முடியாது. மரவேலைக்காரர்களுக்கும், பத்து இருபது ஓட்டை போடுகிறவர்களுக்கும் குழாய் அருமையான வழி. எங்களுக்கு ஒத்துவரவில்லை.

பெரியவர் சொன்னது நேர் தலைகீழ். "கேசிங்கை மேசையில உக்கார வைக்காதீங்க. மேல இருந்து தொங்க விடுங்க."

ஒரு ஜிக் செய்தோம். மேலே 25 மி.மீ. தடிமனில் ஒரு பிளேட், அதில் பிட்டுக்கு வழிகாட்டும் ஆறு கடினப்படுத்திய டிரில் புஷ். பிளேட்டின் அடியில் கேசிங்கின் போருக்குள் நுழையும் ஒரு வட்ட முனை, ஸ்பிகாட். கேசிங்கை அடியிலிருந்து நுழைத்து, நடு ஸ்க்ரூவைத் திருகினால் அது மேலே ஏறி, ஃபேஸ் செய்த முகம் பிளேட்டின் அடிமுகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது கேசிங் உயரமா குள்ளமா என்பது கீழே காற்றில் தொங்குகிற பக்கத்தின் பிரச்சினை. முகம் எப்போதும் ஒரே உயரத்தில். ஜிக்கின் காலடியிலிருந்து பிளேட்டின் அடிமுகம் வரை ஒரே அளவாக கிரைண்டிங் செய்துவிட்டதால், மேசையை அளக்கிற ஸ்டாப்பும் முகத்தைக் கேட்கிற டிராயிங்கும் முதல் தடவையாக ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்கின.

ஜிக்கின் கால்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. நான் மூன்று கால் வரைந்திருந்தேன். மூன்று கால் முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது, அதுதானே நல்லது? பெரியவர் பென்சிலால் அடித்துவிட்டு நாலாவது காலை வரைந்தார். ஆடாது என்பதுதான் வம்பே. ஒரு காலடியில் தூள் மாட்டிக்கொண்டால் மூன்று கால் ஜிக் சத்தமில்லாமல் சாய்ந்து உட்கார்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. நாலு கால் என்றால் டக் டக்கென்று ஆடிக் காட்டிக்கொடுக்கும். ஆபரேட்டர் கை வைத்ததுமே தெரிந்துவிடும். காலின் பாதமும் சின்னதாக இருக்க வேண்டும், தூள் படிய இடம் குறையும். இன்ஜினியரிங் காலேஜில் நாலு வருடம் படித்த எனக்கு இந்த நாலாவது காலை யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவேளை சொன்ன அன்று நான் கேன்டீனில் இருந்தேனோ என்னவோ.

ஸ்டாப் வைப்பதற்கும் ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டோம். மெஷினில் ஒட்டியிருக்கிற மில்லிமீட்டர் பட்டையைப் பார்த்து வைப்பதை விட்டொழித்தோம். எட்டிப் பார்க்கிற கோணம் மாறினாலே அதில் அரை மில்லி மாறும். அதற்குப் பதில், பிளேட்டின் அடிமுகத்தில் ஒரு தட்டையான துண்டை கேசிங் மாதிரியே ஒட்ட வைத்து, பிட்டைப் புஷ் வழியாக இறக்கி நுனி தொடும் இடத்தில் ஸ்பிண்டிலைப் பூட்டிவிடுவோம். லேத்தில் இரண்டு முகமும் எடுத்த ஒரு துண்டு இருக்கிறது, லாடம் மாதிரி ஒரு பக்கம் திறந்தது, தடிமன் 22.3. அதைத் திரெட் கம்பியில் சொருகி, நட்டை அதன் மேல் வந்து முட்டும் வரை இறக்கி நிறுத்துவோம். துண்டை உருவினால் நட்டுக்கும் முட்டுக்கும் நடுவில் சரியாக 22.3 இடைவெளி. கூம்புக்கு 2.04 போனால் ஆழம் 20.26. அரை மில்லி இடத்தின் நட்டநடு.

லாக் நட்டை இறுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். எந்தத் திரெட்டிலும் கொஞ்சம் தளர்ச்சி இருக்கும். லாக் நட் இறுகுகையில் கீழ் நட்டை அந்தத் தளர்ச்சிக்குள் தள்ளிவிடும், வைத்த அளவு மாறும். இறுக்கிய பிறகு துண்டை மறுபடி சொருகிப் பார்ப்பது அதனால்தான். மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் கணக்கு இருக்கிறது: எங்கள் கம்பியின் பிட்ச் 1.5, நட்டுக்கு ஆறு முகம், ஒரு முகம் திருப்பினால் கால் மில்லி. ஸ்டாப் கம்பி இல்லாமல் கைப்பிடி தண்டின் மேல் வளையம் வைத்த மெஷின்களும் உண்டு. வளையத்தில் எண் அழகாக இருக்கும். அங்கே பல்சக்கரத்தின் பல்லுக்கும் அது ஓட்டும் பல் பட்டையான ரேக்குக்கும் நடுவிலுள்ள ஆட்டமும் கணக்கில் சேரும் என்பதால் எனக்கு அவற்றின் மேல் பிரியம் கிடையாது.

ஜிக் வந்ததும் வித்தியாசம் 2.9-லிருந்து 0.7-க்கு இறங்கியது. கணக்குப்படி இறங்க வேண்டியதும் அவ்வளவுதான். இனி அந்த 0.7.

இங்கேதான் அக்கா வருகிறார். எங்கள் டிரில்லிங் மெஷினில் பதினோரு வருடமாக நிற்பவர். கூட இன்னொரு பையனும் மாறி மாறி நிற்பான். நோட்டைப் பிரித்துப் பார்த்தபோது அக்கா போட்ட ஓட்டைகளுக்குள் 0.3 தான் வித்தியாசம், பையன் போட்டதில் 0.7. அதே மெஷின், அதே பிட், அதே ஸ்டாப்.

"நீங்க என்னக்கா வித்தியாசமா பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க தம்பி. அடில போய் நின்னதும் ஒண்ணுன்னு எண்ணிட்டுத் தூக்குவேன். அவன் முட்டுன சத்தம் கேட்டதுமே தூக்கிப்போடறான்."

இதை நம்பாமல், சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் டயல் காஜை மேசையில் நிறுத்தி, முனையை மெஷின் தலையில் வைத்துப் பார்த்தேன். பிட் உள்ளே இறங்க இறங்க முள் நகர்ந்தது. பிட் வேலையை அழுத்தும்போது மேசை கீழே வளைகிறது, தலை மேலே எழும்புகிறது. இரும்புதான், ஆனாலும் வளையும். எங்கள் மெஷினில் அது 0.2 வரை போனது. நட் முட்டிய அந்தக் கணத்தில் ஓட்டை இன்னும் 0.2 குறைவாகத்தான் இருக்கிறது. அப்படியே ஒரு நொடி பிடித்தால், மேசை மெல்ல மேலே எழும்பி வந்து வேலையைப் பிட்டிடம் கொடுக்கிறது. மீதியும் வெட்டுப்பட்டு, முள் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஆயிரம் சுற்றில் ஓடுகிற மெஷினுக்கு ஒரு நொடி என்பது பதினாறு சுற்று, தாராளம். மூன்று நான்கு நொடி நிறுத்தினால் பிட்டின் ஓரம் வெட்டாமல் உராய்ந்து மழுங்கும். முட்டிய பிறகும் கைப்பிடியில் தொங்குகிற பழக்கம் இருந்தால் அதுவும் கெடுதல், ஸ்டாப்பே வளைந்து ஆழம் கூடும். அக்கா சொன்ன ஒன்று என்பது மிகச் சரியான எண்.

பையனிடம் எண்ணச் சொன்னோம். முதல் இரண்டு நாள் வாய்விட்டே எண்ணினான், "ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு..." என்று பட்டறை முழுக்கக் கேட்கும்.

மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தேடியதில் எனக்குப் பயன்பட்டது, தப்பு எந்தத் திசையில் என்று பார்க்கும் பழக்கம். ஜிக்கின் காலடியில் தூள் இருந்தால் வேலை மேலே ஏறும், ஓட்டை ஆழமாகும். அதே தூள் ஸ்டாப் நட்டின் முகத்தில் படிந்தால் நட் சீக்கிரம் முட்டும், ஆழம் குறையும். சக்கில் பிட் வழுக்கினால் குறையும். ஆழம் கூடியிருந்தால் மேசைப் பக்கமும், குறைந்திருந்தால் தலைப் பக்கமும் முதலில் பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது சக்கின் டேப்பர். சக்கின் பின்னால் கூம்பு மாதிரி ஒரு தண்டு ஸ்பிண்டிலுக்குள் இறுகி நிற்குமே, அதுதான் மோர்ஸ் டேப்பர். அமெரிக்காவில் 1863-ல் முறுக்கு டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கிய ஸ்டீபன் மோர்ஸின் பெயர். இதன் சாய்வு ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று. அதாவது விட்டத்தில் 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தால் நீளவாக்கில் அது 0.4 ஆகப் பெருகும். உள்ளே துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கும் வார்ப்பிரும்பு மாவும் சேர்ந்தால் 0.02 ஒரு விஷயமே இல்லை. காலையில் சக் கொஞ்சம் கீழே நிற்கும். ஸ்டாப் வைப்போம். இருபது ஓட்டை போட்ட அழுத்தத்தில் பிசுக்கு பிதுங்கி, சக் மேலே ஏறி உட்காரும். மதியத்துக்குள் ஆழம் குறைந்திருக்கும், யார் மேலும் குற்றம் இல்லை. இப்போது சக்கைக் கழற்றினால் இரண்டு பக்கமும் துணியால் துடைத்து, மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, அதற்குப் பிறகுதான் ஜீரோ.

பிட் சாணை பிடிப்பது அடுத்தது. கையால் கிரைண்டிங் வீலில் தீட்டும்போது 118 டிகிரி எப்படி அச்சாக வரும்? 130 ஆகிவிட்டால் கூம்பு 2.04-லிருந்து 1.6-க்கு வந்துவிடும், நுனியை ஜீரோவாக வைத்து இறக்கினால் முழு விட்டத்தின் ஆழம் அந்த அளவு கூடிப்போகும். புஷ் இல்லாத வேலை என்றால் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நுனி தொடும் இடத்தை ஜீரோவாக எடுக்காமல், மெஷினை ஓட்டிப் பிட்டின் முழு வாயும் முகத்துக்குள் இறங்கும் வரை கொண்டுபோய், அந்த இடத்தை ஜீரோவாக வைத்தால் கூம்பு எத்தனை டிகிரியாக இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. எங்கள் ஜிக்கில் புஷ் மறைப்பதால் அது பார்க்க முடியாது. தீட்டிய ஒவ்வொரு தடவையும் முதல் பீஸைப் போட்டு, நகத்தால் தடவிப் பார்த்து, தேவைப்பட்டால் நட்டை ஒரு முகமோ அரை முகமோ திருப்புகிறோம்.

கடைசி எதிரி, சக்கில் பிட் வழுக்குவது. இப்போது எல்லோரும் சாவி போட்டு இறுக்குகிற சக்கை 1902-ல் அமெரிக்காவில் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் செய்தார். பழைய ஸ்பானர் சக்கில் விரல் முட்டியைச் சிராய்த்துக்கொண்ட ஆத்திரத்தில் யோசித்தது என்பார்கள். அதில் சாவிக்கு மூன்று துளை இருக்கும். பெரும்பாலோர் கைக்கு வந்த ஒன்றில் இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றிலும் மாறி மாறி இறுக்கினால்தான் மூன்று தாடையும் ஒழுங்காகக் கடிக்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை போயிற்று. அப்படியும் ஒரு நாள், எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், வரிசையாக மூன்று கேசிங்கில் பின்னின் தலை மேல் படிக்கும் மேலே நின்றது. 0.6 குறைவு. ஸ்டாப் சரி. தூள் இல்லை. டேப்பர் துடைத்தது. நான் டயல் காஜை எடுக்கப் போனேன்.

அக்கா கூப்பிட்டார். "தம்பி, இங்க பாருங்க."

பிட்டில் சக்கின் வாயோரமாக அவர் சிவப்பாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். கோடு பாதி சக்குக்குள் போயிருந்தது.

"எப்ப போட்டீங்க இதை?"

"மாட்டுனப்பவே. மார்க்கர் போட்டா சூட்டுல அழிஞ்சுருதுங்க. அதான் எம்பொண்ணோட நெயில் பாலிஸ் கொண்டாந்தேன். அவளுக்குத் தெரியாது."

அன்றிலிருந்து சக்கில் எந்த பிட் மாட்டினாலும் அந்தக் கோடு உண்டு. டப்பா ஒரு மாதத்தில் தீர்ந்தது. மகளுக்கு விஷயம் தெரிந்து வீட்டில் சண்டையாம். அடுத்த நாள் காந்திபுரம் போய் இரண்டு டப்பா வாங்கி வந்தேன், ஒன்று மெஷினுக்கு, ஒன்று அந்தப் பெண்ணுக்கு. ஆடிட்டருக்குக் கொடுக்கிற நோட்டில் மார்க்கிங் பெயிண்ட் என்று எழுதியிருக்கிறேன்.